ஒரு நாளைக்கு ஒரு ஆள்

ஜஹீராவின் வலைத்தளத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பேர் வருகிறார்கள். அவள் எதிர்பார்க்கிற ஒரே ஒரு ஆள் மட்டும் வருவதில்லை. இரண்டாயிரம் பேரையும் அள்ளிக் கொடுத்துவிட்டு அந்த ஒருவரை வாங்கிக்கொள்ளலாம் என்றால் அவள் பேரமே பேசமாட்டாள். ஆனால் இணையத்தில் அப்படியொரு சந்தை கிடையாது.

கொடைக்கானல் மூஞ்சிக்கல் கடைவீதியில் அவள் அண்ணன் காலித்துக்கு ஒரு கடை. வீட்டில் செய்த சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், கம்பளித் தொப்பி. கடைக்கு மேலே வீடு. ஜஹீராவுக்கு வயது முப்பத்தொன்பது. கல்யாணம் முடிந்து பெரியகுளம் போனவள் பதினோரு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "அங்க வெயில் ஒத்துக்கலைங்க" என்று ஒரே பதில். அந்த வெயிலுக்கு ஒரு பெயரும் ஒரு மீசையும் இருந்தது காலித்துக்கு மட்டும் தெரியும். அவன் வெளியே சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவள் மலையை விட்டு இறங்கவே இல்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் காலித் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். கணக்கு எழுதும் நேரம் போக மீதி நேரத்தில் ஜஹீரா ஒரு வலைத்தளம் தொடங்கினாள். பெயர் 'மூஞ்சிக்கல் மழை'. அதில் ஊர்க்கதை, சமையல் என்று ஏதேதோ எழுதிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. 'மழை' என்று தனியாக ஒரு பக்கம் மட்டும் நிலைத்தது. தினமும் காலையில் தொழுகை முடிந்ததும் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு அதில் இரண்டு வரி எழுதுவாள். 'நேற்று மாலை பிடித்த மழை விடியும்போதுதான் விட்டது. இப்போது சாரல். எதிர்க்கடை போர்டு தெரியவில்லை.' அவ்வளவுதான். யார் படிப்பார்கள் இதை? யாரும் படிக்கவில்லை. எதிர்க்கடைக்காரர்கூடப் படிக்கவில்லை.

மூன்றாவது மாதம் அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு பின்னூட்டம் வந்தது.

'நன்றிங்க. முந்தாநாள் நீங்க போட்ட மழை இன்னைக்கு எங்க வாய்க்காலுக்கு வந்துருச்சு. ஞானவேல், அய்யம்பாளையம்.'

நீங்க போட்ட மழை! ஜஹீரா வாய்விட்டுச் சிரித்தாள். என்னவோ அவள் உலையில் வைத்து இறக்கி அனுப்பியது மாதிரி. அன்று முழுவதும் கடையில் தைலப் பாட்டில் எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. மலையடிவாரத்தில் மருதாநதி அணைக்குக் கீழே, முதல் மடையை ஒட்டி அவருக்குத் தென்னந்தோப்பு. மேலே மழை என்றால் இரண்டு நாளில் அவருக்குத் தண்ணீர். மேலே என்ன நடக்கிறது என்று சொல்ல அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. கீழே யாருக்காவது சொல்ல ஜஹீராவுக்கும் வேண்டியிருந்தது.

மூஞ்சிக்கல்லில் பெய்கிற மழை நேராக அவர் வாய்க்காலுக்குப் போகாது, பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் பெய்தால்தான் போகும் என்று கொஞ்ச நாளிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் எழுதுவதை நிறுத்திவிடுவாளோ என்று பயந்திருப்பார். அவளாகவே பண்ணைக்காட்டிலிருந்து மலைவாழைப்பழம் கொண்டுவருகிற வேலுத்தாயிடம் தினமும் போனில் கேட்டு அதையும் ஒரு வரி சேர்த்து எழுத ஆரம்பித்தாள். "எங்கூரு மழைய நீ எதுக்குத்தா வெள்ளனே எந்திரிச்சு விசாரிக்கிற?" என்று வேலுத்தாய் கேட்டாள். ஜஹீரா மறுநாள் காலையும் கூப்பிட்டாள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. கீழேயிருந்து பார்த்தால் மலை முழுவதும் தெரியுமாமே. மேலே இருப்பவளுக்கு எதிர்க்கடைதான் தெரியும். அதனால் அவர் எழுதுவார்: 'கிழக்கே இருந்து மேகம் ஏறுதுங்க. இன்னும் ரெண்டு மணி நேரத்துல உங்களுக்கு வந்துரும். வெளிய போனா குடை எடுத்துக்கங்க.' பளீரென்று வெயிலடிக்கும்போது ஜஹீரா குடையோடு படியிறங்குவாள். காலித் வானத்தைப் பார்ப்பான், தங்கையைப் பார்ப்பான், ஒன்றும் விளங்காமல் தலையைச் சொறிவான். அவள் தேவாலயத் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் கொட்டும்.

இப்படி ஆறு வருடம். அவருக்குக் குடும்பம் உண்டா, என்ன வயது, கறுப்பா சிவப்பா, எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. மெயில் முகவரிகூட அவருக்கு இல்லை. பெயரை மட்டும் போட்டு எழுதும்படி அவருக்காகவே பின்னூட்டப் பெட்டியைத் தளர்த்தி வைத்திருந்தாள். இதைக் காதல் என்று சொன்னால் ஜஹீரா சண்டைக்கு வருவாள். காதல் இல்லை என்று சொன்னாலும் சண்டைக்கு வருவாள். காலையில் கண் விழித்ததும் வானத்தைப் பார்க்கிற ஆசை, அதை ஒருவரிடம் சொல்கிற ஆசை, சொன்னதற்கு ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்கிற நினைப்பு. அதற்கு என்ன பெயரோ அதுதான்.

இங்கேதான் சிவமுருகன் வருகிறான்.

திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறவன். இருபத்தெட்டு வயது. வலைப்பதிவர்கள் தங்கள் தளத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி என்று எட்டு வாரப் பயிற்சி. காலித்தான் அவளைச் சேர்த்துவிட்டான்.

"கையிலேயே ஒரு வெப்சைட்ட வச்சுக்கிட்டு மழை பெய்யுது மழை பெய்யுதுன்னு எழுதிட்டிருக்கே. மழைன்னு எழுதுனா எவன்மா மேல வருவான்? நம்ம சாக்லேட்ட எழுது. ஊர எழுது. நாலு பேரு கடைக்கு வரட்டும்."

அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது. தங்கையைப் பதினாலு வருடமாக ஒரு சொல் சொல்லாமல் வைத்திருக்கிறவன். அவனுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

சிவமுருகனும் கெட்டிக்காரன். அவன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை, அதுதான் கொடுமை. தலைப்பில் ஒரு எண் இருக்கவேண்டும் என்றான். 'கொடைக்கானலில் பார்க்கவேண்டிய பதினோரு இடங்கள்' என்று எழுதினாள். பத்து என்றால் எல்லோரும் எழுதுவார்கள், பதினொன்று என்றால்தான் நின்று பார்ப்பார்களாம். ஜனங்கள் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுகிறார்களோ அதை முதல் பத்தியிலேயே வைக்கச் சொன்னான். படத்தைச் சுருக்கி ஏற்றினால் பக்கம் சட்டென்று திறக்கும், இல்லாவிட்டால் வந்தவன் கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விடுவான் என்றான். அடுத்தவர்கள் தளங்களில் போய் உபயோகமாக நாலு வார்த்தை பேசு, ஒரு கட்டுரையிலிருந்து இன்னொரு கட்டுரைக்கு வழி வை, வாட்ஸப்பில் ஒரு சேனல் திற. எல்லாவற்றையும் அவள் செய்தாள். தளத்தின் பெயர் 'கோடை டிரிப் கைடு' ஆனது.

ஆறாவது வாரம் அவன் திரையில் 'மழை' பக்கத்தைத் திறந்து காட்டினான்.

"மேடம், இது என்னது? தெனம் ரெண்டு வரி. இதுக்குத் தின் கன்டென்ட்னு பேரு. சத்தில்லாத சரக்கு. இது இப்படி நீளமா கெடந்துச்சுன்னா கூகுள் உங்க மொத்தக் கடையையும் மட்டமா எடை போட்ரும். எடுத்துருங்க."

"அதப் படிக்கிறவங்க இருக்காங்களே."

"எத்தன பேரு?" என்று கேட்டுவிட்டு அவனே ஒரு கட்டத்தைத் திறந்து பார்த்தான். "ஒரு நாளைக்கு ஒரு ஆள்."

அந்த ஒரு ஆள் யாரென்று ஜஹீராவுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள். முகப்புப் பக்கத்தின் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி வைத்து அதில் மழையை எழுதலாம், அவர் அங்கே வந்து பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாள். அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். 'உறுதியாகவா?' என்று அது கேட்டது. இயந்திரம்கூட ஒருதரம் கேட்டது. 'ஆம்' என்று அழுத்தினாள். ஆறு வருட மழையும் அதன் அடியில் கிடந்த அவருடைய பின்னூட்டங்கள் அத்தனையும் குப்பைக்குப் போயின. 2022 ஆகஸ்டு மாதம் அது.

குப்பையில் முப்பது நாள் வைத்திருப்பார்கள், அதற்குள் வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரம் அவர் முகப்புக்கு வரவில்லை. கோபமாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டாவது வாரமும் வரவில்லை. இவளுக்கும் கோபம் வந்தது. வரட்டுமே, வந்து ஏன் எடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கட்டுமே, உடனே போட்டுவிடுகிறேன் என்று காத்திருந்தாள். அந்த வீம்பிலேயே முப்பது நாள் ஓடிவிட்டது. முப்பத்தொன்றாம் நாள் குப்பைத் தொட்டி காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் உழைத்த உழைப்பு இருக்கிறதே! சிவமுருகனே மிரண்டுபோனான். வகுப்பில் இருபத்திரண்டு பேர். மற்றவர்களெல்லாம் மூன்று மாதத்தில் ஓய்ந்துவிட்டார்கள், இவள் மட்டும் விடவில்லை. அண்ணன் கடைக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். காலித் அப்படி நினைத்துப் பெருமைப்பட்டான். அவள் மனசில் ஒரே கணக்குதான். அவர் என்றைக்காவது 'கொடைக்கானல் மழை' என்று போட்டுத் தேடுவார். அப்போது முதலில் தன் பக்கம் வரவேண்டும். இரண்டாவதாக வந்தால்கூட அவர் கண்ணில் படாமல் போய்விடலாம். ஆயிரம் பேர் வந்தால் கூகுள் மதிக்கும், இரண்டாயிரம் பேர் வந்தால் இன்னும் மதிக்கும், மேலே மேலே தூக்கி வைக்கும். அந்த ஒருவர் கண்ணில் படுவதற்காக அவள் ஊரையே கூட்டினாள்.

'கொடைக்கானலில் இன்று மழையா?' என்று புதிதாக ஒரு பக்கம் எழுதினாள். இந்தத் தடவை சத்துள்ள சரக்கு: படம், வரைபடம், கேள்வி பதில். ஏழு மாதத்தில் அந்தப் பக்கம் முதலிடத்துக்கு வந்தது. சிவமுருகன் போன் பண்ணி வாழ்த்தினான். பின்னூட்டங்கள் வந்து குவிந்தன. ஜஹீரா ஒவ்வொரு நாள் காலையிலும் ஒன்று விடாமல் படித்தாள். 'சிஸ்டர், ஸ்னோ எப்ப விழும்?' 'ப்ரோ, ஆறு பேருக்கு ரூம் கிடைக்குமா?' 'மழையில் போட்டிங் உண்டா?' ஒவ்வொரு பின்னூட்டத்துக்குக் கீழும் இருக்கிற பெயரைத்தான் முதலில் பார்ப்பாள். ஒருதரம் ஒரு ஞானவேல் எழுதியிருந்தார். கையிலிருந்த தைலப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள். அவர் ஓசூர் ஞானவேல். குடும்பத்தோடு வருகிறாராம், நல்ல பிரியாணிக் கடை எது என்று கேட்டிருந்தார். பொறுமையாகப் பதில் சொன்னாள்.

கொடைக்கானலுக்கு வண்டியில் வர இ-பாஸ் எடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்த மே மாதம்தான் உச்சம். அறிவிப்பு வந்த அன்றே 'இ-பாஸ் எடுப்பது எப்படி' என்று உட்கார்ந்து எழுதிவிட்டாள். அந்த ஒரு மாதம் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள். கடையில் நிற்க இடமில்லை. "இந்தக் கடைதானே அது?" என்று போர்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். காலித் அன்று எல்லோருக்கும் சாக்லேட்டைச் சும்மாவே கொடுத்தான். ஜஹீரா மாடியில் உட்கார்ந்து ஒரு லட்சம் பேருடைய கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த முகமும் அவளுக்குத் தெரியாது. ஒரு லட்சம் பேர் வந்து போன வீட்டில் இவ்வளவு தனியாக இருக்கமுடியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

இந்த நவம்பரில் சிவமுருகன் தளத்தை ஒருதரம் மேலிருந்து கீழே சோதித்தான்.

"மேடம், செத்த முகவரி முந்நூத்திப் பன்னெண்டு கெடக்கு. நீங்க எப்பவோ அழிச்ச பக்கங்க. யாராச்சும் அதைத் தேடி வந்தா 'பக்கம் கிடைக்கவில்லை'ன்னு வெள்ளைப் பக்கம்தான் வருது. வந்த ஆளை வெறுங்கையோட அனுப்பக் கூடாது. எல்லாத்தையும் நல்லா விக்கிற ஒரு பக்கத்துக்குத் திருப்பி விட்ருங்க."

ஒரு பெட்டியில் குறி போட்டால் முந்நூற்றுப் பன்னிரண்டும் ஒரே சொடுக்கில் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் குறியைப் போட்டு, எல்லாவற்றையும் சாக்லேட் பக்கத்துக்குத் திருப்பிவிட்டாள். பட்டியலை இறக்கிக்கூடப் பார்க்கவில்லை. எந்தக் கடைக்காரர் தன் கடையில் இல்லாத சாமானைக் கேட்டு வந்து போனவர்களைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்?

தளம் கணக்கெடுத்து வைத்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பலன் எப்படி என்று பார்ப்பதற்காக அந்தப் பதிவேட்டை ஜஹீரா முதன்முறையாகத் திறந்தாள். அதிகம் கேட்கப்பட்ட முகவரி மேலே வரும்படி அடுக்கினாள். முதல் வரியில் 'மழை' என்று இருந்தது. எண்ணூற்று இருபத்தாறு தடவை.

ஏதாவது இயந்திரமாக இருக்கும், அவைதான் இப்படிச் சளைக்காமல் தட்டும் என்று நினைத்துக்கொண்டே அதைத் திறந்தாள். உள்ளே தேதியும் நேரமும் வரிசையாக இருந்தன. காலை ஐந்து நாற்பத்தெட்டு. அடுத்த நாள் ஐந்து ஐம்பத்தொன்று. அதற்கடுத்த நாள் ஐந்து ஐம்பது. ஒரே கைப்பேசி. ஒரு நாளைக்கு ஒரு தடவை. அவள் பக்கத்தை அழித்த மறுநாள் தொடங்கி, இரண்டு வருடம் மூன்று மாதம்.

ஜஹீரா விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். பொங்கலன்றும் வந்திருக்கிறார். போன டிசம்பரில் தெற்கே பெருமழை கொட்டிய நாளில் ஏழு தடவை வந்திருக்கிறார். ஏழு தடவையும் அதே வெள்ளைப் பக்கம். ஒரு ஜூன் மாதத்தில் நான்கு நாள் விட்டுப்போயிருந்தது. காய்ச்சலாக இருந்திருக்குமோ என்று அந்த நான்கு நாளையும் மறுபடி எண்ணிப் பார்த்தாள். அவர் எதையும் எங்கேயும் தேடவே இல்லை. யாரோ அவர் கைப்பேசித் திரையில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக் கொடுத்திருக்கவேண்டும். தொட்டால் நேராக அங்கேதான் போகும். அவள் ஊர் வாயிலில் தோரணம் கட்டி மேளம் அடித்துக்கொண்டிருந்த இத்தனை நாளும் அவர் கொல்லைப்பக்கக் கதவைத் தினமும் ஒருதரம் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

கடைசி வரி போன திங்கட்கிழமை, ஐந்து ஐம்பது. அதற்கு நேரே 'திருப்பப்பட்டது' என்று இருந்தது. சாக்லேட் பக்கத்தில் பதினோரு விநாடி நின்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதன்கிழமை வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஜஹீரா அழுதாள். பெரியகுளத்திலிருந்து திரும்பி வந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. இரண்டு வருடமாக வெள்ளைப் பக்கத்துக்கு அசையாதவரை, கடைசியில் ஒரு சாக்லேட்டைக் காட்டி அனுப்பிவிட்டாளே!

முதலில், எந்தப் பதிவரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். திருப்பியதை எடுத்தாள். அதே முகவரியில் 'மழை' என்று மறுபடி ஒரு பக்கம் திறந்தாள். வேலுத்தாயைக் கூப்பிட்டுக் கேட்டு இரண்டு வரி எழுதினாள். திங்கட்கிழமை ஐந்தரைக்கே திரையின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மணி, ஏழு மணி, யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

எட்டு வாரம் வகுப்பு எடுத்தானே சிவமுருகன், ஆட்களை வரவழைக்க எத்தனையோ வழி சொன்னானே, நாம் எழுந்து போவது எப்படி என்று ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லமாட்டான். அந்தத் தொழிலில் அது கிடையாது. அய்யம்பாளையத்துக்கும் மூஞ்சிக்கல்லுக்கும் நடுவே இரண்டு பஸ் தூரம்தான். எட்டு வருடத்தில் ஒருநாள்கூட அவளுக்கு இறங்கிப் போகத் தோன்றவில்லை என்பது பொய். தோன்றும், செருப்பை மாட்டுவாள், உடனே கழற்றிவிடுவாள். மலையை விட்டு இறங்கி ஒரு ஆணை நம்பிப் போன ஒரே தடவை அவளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. எழுத்தில் இருக்கிறவர் எழுத்திலேயே இருக்கட்டும் என்று இருந்துவிட்டாள். இப்போது அந்த எழுத்தும் இல்லை.

புதன்கிழமை காலை அவள் செருப்பை மாட்டியபோது காலித் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா, இவ்வளவு வெள்ளனே?"

"கீழ ஒரு சோலி இருக்குண்ணே. அய்யம்பாளையம் வரைக்கும்."

"கீழயா?" ஷட்டர் பாதியில் நின்றது. "அங்க யாரு இருக்கா நமக்கு?"

"ஒருத்தரப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும். தப்பு எம்மேல."

காலித் தங்கையின் முகத்தைப் பார்த்தான். கேட்க அவனுக்கு ஆயிரம் இருந்தது. "வெயிலா இருக்கும். தண்ணி எடுத்துக்க," என்றான். பிறகு, "வெரசா வந்துரு. கடைசி பஸ்ஸ விட்றாத," என்றான்.

பஸ் பெருமாள்மலையைத் தாண்டி வளைந்து வளைந்து இறங்கியது. டம்டம் பாறைக்குக் கீழே வந்ததும் காது அடைத்துக்கொண்டது. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சொல்லவேண்டியதை மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். சிவமுருகன் பாணியில் முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும் என்று யோசித்தாள், அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டாள். வத்தலக்குண்டில் இறங்கியபோது வெயில் தலையில் அறைந்தது. அய்யம்பாளையம் பஸ்ஸில் ஏறினாள். அங்கே இறங்கித் திரும்பிப் பார்த்தால், அம்மாடி, மலை! அவ்வளவு பெரியதாகவா அது இருக்கிறது? இத்தனை வருடம் அதன் தலையில் உட்கார்ந்துகொண்டு எதிர்க்கடை போர்டைப் பற்றி எழுதியிருக்கிறாள்.

ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவரிடம் கேட்டாள். "டேம் வாய்க்கால்ல மொத மடை. ஞானவேல்னு..."

"மலையப் பாத்துக்கிட்டே நடந்து வரப்புல தடுக்கி விழுவாரே, அவரா? ஏறுங்கம்மா."

தோப்புக்குள் ஆட்டோ போகாது. அவள் இறங்கி நடந்தாள். வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தென்னைக்குப் பாத்தி கட்டிக்கொண்டு ஒரு மனிதர் குனிந்து நின்றார். ஆறடி உயரமும் கனத்த குரலுமாக அவள் ஒருவரைக் கற்பனை பண்ணி வைத்திருந்தாள். இவர் அவள் தோளுக்குத்தான் இருப்பார். ஐம்பது தாண்டியிருக்கும், கனமான கண்ணாடி, முன்தலை வழுக்கை. அவளுக்குக் கொஞ்சம்கூட ஏமாற்றமாக இல்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"ஞானவேலுங்களா?"

"ஆமாங்க."

"நான் ஜஹீரா. மூஞ்சிக்கல்."

மண்வெட்டியை அவர் கீழே வைக்க இரண்டு தடவை முயன்றார். தோள் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார், முகத்தைத் துடைத்தார், மறுபடி கையைத் துடைத்தார். அவளைப் பார்த்துவிட்டு வாய்க்காலைப் பார்த்தார்.

"எந்த பஸ்ஸுல வந்தீங்க?"

"ஆறே காலு."

"சாப்ட்டீங்களா?"

"இல்லீங்க." பஸ்ஸில் எழுதிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "அந்தப் பக்கத்த நான்தாங்க எடுத்துட்டேன். நீங்க பாக்குறீங்கன்னு தெரிஞ்சேதான் எடுத்தேன். ஆளு நெறைய வரணும்னு. நீங்க முன்பக்கமா வந்துருவீங்கன்னு நெனச்சேன். வரல. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சுட்டேன். நீங்க தெனமும் வந்து பாத்தது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா போன ஞாயித்துக்கெழமைதான் பாத்தேன்."

அவருக்கு அவள் சொன்னதில் பாதி விளங்கவில்லை. விளங்கின பாதிக்குப் பதில் சொன்னார்.

"கோவமா? நீங்க எழுதலைன்னே நான் நெனைக்கலைங்களே." சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். மூலையில் கீறல் விழுந்த பழைய கைப்பேசி. "என் போனு கெட்டுப்போச்சுன்னுதாங்க நெனச்சேன். நீங்க தெனமும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கீங்க, இதுலதான் வர மாட்டேங்குதுன்னு. வத்தலக்குண்டுல ரெண்டு தடவ குடுத்துப் பாத்தேன். நல்லாத்தான் இருக்குன்னாங்க. அவங்களுக்கு வேல தெரியலன்னு நெனச்சேன். இன்னைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு தெனமும் தொட்டுப் பாப்பேன்."

கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"போன வாரம் திங்கக்கெழமை தொட்டேன். சாக்லேட்டுக் கடை வந்துச்சுங்க. பளிச்சுன்னு, படமெல்லாம் போட்டு." அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை. "அப்பத்தாங்க தெரிஞ்சுச்சு, போன் நல்லாத்தான் இருக்குன்னு."